மஞ்சள் ஒன்று போதும்

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், ஐயா. கடல் மீன் வளர்க்க மீனைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். தண்ணீரைப் பற்றித்தான் நிறையத் தெரிந்திருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரில் வளர்கிற மீன் நாம் கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் பொறுத்துப்போகும். கடல் மீன் அப்படியில்லை. அதிலும் புதுத் தொட்டி என்றால் கேட்கவே வேண்டாம். மீனின் கழிவு தண்ணீரில் விஷமாகும். அந்த விஷத்தைத் தின்று தீர்க்கிற கிருமிகள் கல்லிலும் மணலிலும் மெல்ல மெல்லத்தான் பெருகும். அதற்குள் ஆசைப்பட்டு நாலைந்து மீனைச் சேர்த்து விட்டோமானால் எல்லாம் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்க வேண்டியதுதான். ஒன்றை விட வேண்டும். அது தின்கிறதா, ஒட்டிக்கொண்டதா என்று வாரக்கணக்கில் பார்க்க வேண்டும். பிறகுதான் அடுத்தது. புதிதாகத் தொட்டி வைக்கிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். நாங்கள் விடவில்லை.

நாங்கள் என்றால் நானும் கப்பலும். தெருவில் அவருக்குக் கப்பல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். பாதி ஆயுளைக் கடல்மேல் கழித்தும் கடலைப் பார்த்தது கம்மி என்பார். எஞ்சின் அறைக்கு ஜன்னல் கிடையாதாம். ஓய்வு பெற்று வந்தார், மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் சத்தமே இல்லையே என்று மகள் அந்தத் தொட்டியை வாங்கிக் கொடுத்தாள். மோட்டார் ஓடும், தண்ணீர் சலசலக்கும், அப்பாவுக்குப் பொழுதும் போகும் என்று நினைத்திருப்பாள். நல்ல பெண். அவளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

நான் தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்த்தவன். இந்த ஊரில் நான் நிற்காத வாசல் இல்லை. உள்ளே வந்து உட்காருங்கள் என்று சொன்ன வீடு எது என்று யோசித்தால் சட்டென்று ஞாபகம் வராது. அவர்கள்மேல் தப்பில்லை, மீட்டர் வாசலில்தான் இருக்கிறது. கப்பல் வீட்டு மீட்டர் ஒருமுறை தாறுமாறாக ஏறியிருந்தது. எங்காவது கசிகிறதா என்று கதவைத் தட்டிக் கேட்டேன். "கசிவெல்லாம் இல்லைய்யா, உள்ள கடல் வெச்சிருக்கேன், வந்து பாரு" என்றார். போனேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போகாத நாள் என் கணக்கில் மிகக் குறைவு. அவர் என்னை மீட்டரு என்று கூப்பிடுவார். "வாய்யா மீட்டரு, உன் ரீடிங் என்ன சொல்லுது" என்பார். எனக்குப் பெற்றோர் வைத்த பெயரை இப்போது அதிகமாகச் சொல்கிறவர் நீங்கள்தான்.

என் அறை டயர் கடைக்கு மேலே. நீங்கள் சோதனை போட்டபோது பார்த்திருப்பீர்கள், ஒரு நாற்காலி, ஒரு தட்டு. கப்பலைத் தெரிவதற்கு முன்னால், லீவு போட்ட ஒரு வாரம் முழுக்க நான் வாயைத் திறந்து பேசியது பால் கடையில் மட்டும்தான். அதுவும் ஒரு பாக்கெட் என்கிற அளவுக்கு. இதை உங்கள் இரக்கத்துக்காகச் சொல்லவில்லை. கப்பல் வீட்டுக் கதவு எனக்கு என்னவாக இருந்தது என்று தெரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

ஆரம்பத்தில் தொட்டியில் மணலும் கல்லும் தண்ணீரும் மட்டும்தான். இரண்டு பேரும் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்போம். பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். பின்கட்டில் ஒரு அகலமான பிளாஸ்டிக் டப் இருந்தது. முழங்கால் உயரம்தான் இருக்கும். அதில் வடிகட்டிய தண்ணீரை நிரப்பி, உப்பைக் கொட்டி, சின்ன மோட்டார் ஒன்றைத் தொங்கவிட்டுச் சுழல விடுவோம். கரைந்த பிறகு தொட்டியில் பழைய தண்ணீரைக் கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். அது எங்கள் இருவருக்கும் பொது வேலை. டப்பை மூடி போட்டு மூடி வைக்கிற வேலை மட்டும் என்னுடையது, கப்பலுக்கு அதெல்லாம் மறந்துபோகும்.

முதலில் ஒரு ஜோடி கோமாளி மீன் விட்டோம். ரொம்ப நாள் கழித்து மஞ்சள் மீன் ஒன்று. தட்டையான மீன், எலுமிச்சம்பழ நிறம், கல்லைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். அந்த ஜாதிக்குத் தன்னைப் போல இன்னொன்று ஆகாது. நாலடித் தொட்டியில் மஞ்சள் ஒன்று போதும், இரண்டானால் ஒன்று மற்றொன்றைக் குத்திக் கிழித்துவிடும் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். கப்பலும் பக்கத்தில் நின்று தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் ஒருநாள் நான் போனபோது கப்பல் கையில் பிளாஸ்டிக் பையோடு நின்றார். பைக்குள் மஞ்சள் மீன். "பாரு மீட்டரு, நம்ம தொட்டியில எல்லாம் இருக்கு, ஒரு மஞ்சள் இல்லையேன்னு தோணிச்சு" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் தொட்டியில் மஞ்சள் நீந்திக்கொண்டிருந்தது.

நான் அதைக் காட்டவில்லை. நல்லா இருக்கு என்றேன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அவர் தூங்கியதும் புதியதை வலையில் பிடித்துக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கப்பலுக்குத் தாராள மனசு, எனக்குப் பரிசாக வாங்கினார், எனக்கு வைக்க இடமில்லை என்று கடைக்காரரிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். சில நாள் கழித்து இன்னொரு மஞ்சள் வந்தது. பிறகு இன்னொன்று. கடைக்காரர் முகம் சுளித்த பிறகு சில தடவை நான் அங்கே போகவில்லை. கடல் மீனைக் குழாய்த் தண்ணீர் வாளியில் விட்டால் அதிக நேரம் எடுக்காது. டயர் கடைக்குப் பின்னால் மண் இருக்கிறது. தொட்டியில் மட்டும் எப்போதும் கணக்குத் தப்பவில்லை. யார் வந்து பார்த்தாலும் கோமாளி இரண்டு, மஞ்சள் ஒன்று.

அவருக்கு என்ன ஆகிறது என்று எனக்குத் தெரிந்தது. அதை நான் மறுக்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போய்ப் படுப்பார். தாடி மழித்த கையோடு மறுபடி சோப்பைக் குழைப்பார். டாக்டரிடம் காட்டியிருக்கலாம். மகளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் முன்பே ஒருமுறை வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொல்லியிருந்தாள். "அப்பாவுக்கு ஒண்ணுன்னா நான் யோசிக்கவே மாட்டேன் மாமா, கையோட கூட்டிட்டுப் போயிடுவேன். இந்த வீட்ட வித்துட்டா போச்சு." ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை. அவள் வீட்டில் ஏற்கெனவே அவள், புருஷன், குழந்தை, மாமியார். அந்த நெரிசலில் கப்பலைக் கொண்டுபோய் விட்டால் எப்படித் தாங்குவார்? புது இடம், புது ஆட்கள், எல்லாம் ஒரே நேரத்தில். மனுஷனை அவன் பழகிய தண்ணீரில் விட்டுவிடுவதுதான் நல்லது என்று எனக்குப் பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

அதனால் பார்த்துக்கொண்டேன். மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். சனிக்கிழமை நாங்கள் ஒத்திகை பார்ப்போம். நாளைக்கு யார் வருவார்கள், பேத்தியை எப்படிக் கூப்பிட வேண்டும், மாப்பிள்ளை எங்கே வேலை பார்க்கிறார், எல்லாவற்றையும் நான் கேட்பேன், அவர் சொல்வார். தப்பாகச் சொன்னால் முதலிலிருந்து. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் அவருக்கு ஒட்டிக்கொள்ளும். அதை நானாகத்தான் கண்டுபிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் தடுமாறுகிற இடத்தில் நான் குறுக்கே புகுந்து ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடுவேன். மகள் சிரிப்பாள். "மாமா இருக்கிறதால எனக்குப் பாதி கவலை இல்ல" என்பாள். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் ஓட்டிவிடுவேன்.

நீங்கள் கேட்கிற அந்த நாளுக்கு வருகிறேன்.

அன்று ஞாயிறு இல்லை. மகளுக்குப் பல் வலி, கன்னம் வீங்கியிருந்தது. பல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருந்தாள். மாமியார் ஊரில் இல்லை, புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். பாப்பா அப்போதுதான் ஓடப் பழகியிருந்தது. நிற்க வைத்தால் நிற்காது. தொட்டியைக் கண்டால் மட்டும் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு அப்படியே நின்றுவிடும்.

அன்று காலையில் கப்பல் இன்னொரு மஞ்சள் வாங்கி வந்திருந்தார். தொட்டித் தண்ணீரின் சூட்டுக்குப் பழகட்டும் என்று பையோடு மேலே மிதக்க விட்டிருந்தார். அதையெல்லாம் கச்சிதமாகச் செய்வார், ஐயா. கை மறக்கவில்லை. பாப்பா அதைக் கண்டுவிட்டது. "தாத்தா, இன்னொரு மஞ்ச" என்றது. மகள் திரும்பிப் பார்த்தாள். "என்னப்பா, ஒண்ணுதான் வைக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்றாள். கப்பல் என்னைப் பார்த்தார். அது என்னோடது, கடைக்காரர் தப்பா கொடுத்துட்டார், திருப்பிக் கொடுக்கணும் என்று நான் சொன்னேன். அவள் நம்பினாள். ஆனால் உடனே கிளம்பவில்லை. பையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என்னை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"மாமா, அப்பா நல்லாத்தானே இருக்கார்? பாப்பாவ விட்டுட்டுப் போகலாம்ல?"

"நான் இருக்கேன்ல. தைரியமா போயிட்டு வாம்மா."

இந்த இரண்டு வாக்கியத்தையும் அவள் உங்களிடம் அப்படியே சொல்லியிருப்பாள். அவளுக்கு ஞாபக சக்தி நன்றாக உண்டு.

அவள் போன பிறகு எனக்கு அந்தப் பை ஒன்றுதான் கண்ணில் நின்றது. அவள் திரும்பி வரும்போது அது அங்கே இருக்கக் கூடாது. இருந்தால் மறுபடி கேள்வி வரும், இந்தத் தடவை கப்பல் வாயைத் திறந்துவிடுவார். கடை தெருமுனையில்தான். பாப்பா கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. கப்பல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாத்துக்குங்க, இதோ வந்துட்டேன் என்று சொன்னேன். அன்று தண்ணீர் மாற்ற வேண்டிய நாள். பின்கட்டில் டப்பில் உப்புத் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. கூடத்திலிருந்து பார்த்தாலே தெரியும், மூடி சுவரில் சாய்ந்திருந்தது. நான் பார்த்தேன். வந்து மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

கடைக்காரர் அன்றைக்கு நல்ல மனநிலையில் இருந்தார். மீனை வாங்கிக்கொண்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு, டீ சொல்கிறேன், உட்காருங்கள் என்றார். அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தேன். அவருக்கு மூட்டு வலியாம். அதைப் பற்றிப் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். டீயைக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

திரும்பி வந்தபோது கப்பல் தொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் ஒன்றுதான் இருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொண்டேன். பிறகுதான் பாப்பா எங்கே என்று கேட்டேன். "எந்தப் பாப்பா?" என்றார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பின்கட்டில் மோட்டார் சத்தம் வழக்கம்போல் இல்லை. எதுவோ அடைத்துக்கொண்டு முனகிக்கொண்டிருந்தது.

நான் தூக்கினேன். தரையில் பாய் கிடந்தது, அதில் கிடத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா வீடு. பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவர். அன்று வீட்டில்தான் இருந்தார், அவர் துணி துவைக்கிற சத்தம் கேட்டது. ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பார். எனக்கு அது தெரியும். ஆனால் அவர் வந்தால் என்ன நடந்தது என்று கப்பலைத்தான் கேட்பார். கப்பல் எந்தப் பாப்பா என்பார். அதோடு எல்லாம் முடிந்தது. மறுநாளே அவரை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அதை நான் நன்றாக யோசித்தேன். பதறவில்லை. பதறியிருந்தால் கத்தியிருப்பேன்.

துண்டை எடுத்துப் பாப்பா மேல் போர்த்திவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். கப்பலுக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். ஃபோன் அடிச்சுது. எடுக்கப் போனேன். ஒரு நிமிஷம்தான். அவ்வளவுதான் பாடம். எதற்கு என்று அவருக்கு நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. முதலில் ஃபோனை விட்டுவிட்டார். பிறகு நிமிஷத்தை விட்டுவிட்டார். முதலிலிருந்து சொல்ல வைத்தேன். அவசரப்பட்டால் அவருக்கு ஒட்டாது. பிழையில்லாமல் அடுத்தடுத்துச் சொல்கிறார் என்று உறுதியான பிறகுதான் சுவர்ப் பக்கம் போய் நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். அவர் சுவரேறிக் குதித்து வந்தார். என்னென்னவோ செய்து பார்த்தார். எப்ப தூக்கினீங்க என்று என்னிடம் கேட்டார். இப்பத்தான் என்றேன்.

அவர் பாப்பாவின் புருவத்தைத் தடவிவிட்டுத் தன் விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போது விளங்கவில்லை. துண்டு முகத்தை மூடவில்லை. உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் பூக்கும், ஐயா. தொட்டி விளிம்பில் தினமும் அதைத் துடைக்கிறவன் நான். அப்போது தூக்கிய குழந்தையின் புருவத்தில் உப்புப் பூக்காது. பாவம், அந்த அம்மா அன்றைக்கு மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் விட்டிருக்கிறார். மனசு கேட்காமல் இப்போது உங்களிடம் வந்திருக்கிறார். அவர் சொன்னது சரி. நான் மறுக்கவில்லை.

கப்பல் பாடத்தை நன்றாகச் சொன்னார். உங்கள் ஆட்களிடம் சொன்னார், மகளிடம் சொன்னார். காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த வீட்டு வாசலை அவள் மிதிக்கவே இல்லை. கப்பலுக்கு அந்த வாக்கியம் அளவுக்கு மீறி ஒட்டிக்கொண்டதுதான் சங்கடம். தபால்காரர் சௌக்கியமா என்று கேட்டாலும் ஃபோன் அடிச்சுது, எடுக்கப் போனேன் என்பார். சாப்பிட உட்கார்ந்தால் சொல்வார். நான் என் கட்டிலை அந்த வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். காலையில் இரண்டு டம்ளரில் டீ போடுவேன். மத்தியானம் தொட்டியைப் பார்ப்போம். யாரும் வரவில்லை, ஒத்திகைக்கும் அவசியமில்லை. உண்மையைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன். நான் நிம்மதியாக இருந்த நாட்கள் அவைதான்.

இப்போது அவரை ஏதோ இல்லத்தில் சேர்த்திருக்கிறீர்களாம். ஒரு அறையில் ஆறேழு பேராம். அவருக்குக் கூட்டம் ஆகாது. நான் பக்கத்தில் இல்லாமல் அவர் சாப்பிட மாட்டார். என்னை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே வையுங்கள், அவரையும் என்னோடு விட முடியுமா என்று மட்டும் மேலே கேட்டுச் சொல்லுங்கள். சட்டத்தில் இடமில்லை என்று வக்கீல் சொல்கிறார். நீங்கள் கேட்டால் வேறு மாதிரி இருக்கலாம்.

நேற்று ஒரு கேள்வி கேட்டீர்கள், தெரியாது என்று சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். தூக்கும்போது உயிர் இருந்தது. பாயில் கிடத்திவிட்டுக் கையை எடுக்கப் போனேன், பாப்பா என் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டிருந்தது. பலமாக இல்லை. நான்தான் விடுவித்தேன். கப்பலுக்காகத்தான் விடுவித்தேன். அவருக்கு என்னை விட்டால் யாரும் இல்லை, என்னை மாதிரி அவரைத் தெரிந்தவனும் இல்லை. இதை அவரிடமே கேளுங்கள், சொல்வார்.

கேட்டுப் பார்த்தீர்கள் என்கிறீர்கள். அவர் அப்படிச் சொன்னதை மனதில் வைக்காதீர்கள், ஐயா. அன்றைக்குக்கூட ஒருமுறை அப்படித்தான் சொன்னார். பாடத்தைப் பிழையில்லாமல் சொல்லி முடித்தார். நான் சபாஷ் என்று தோளைத் தட்டினேன். அவர் என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார். "சரிங்க, சொல்லிடறேன். நீங்க யாரு, பக்கத்து வீடா?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஒரு குழந்தை அப்படிக் கிடக்கும்போது, அதிர்ச்சியில் யாருக்கும் அப்படித்தான் வரும்.